ஐந்து விநாடிக்குள்

எதிரணி முதலாளி மதன்குமார் ஓடிவந்தபோது தகுதிச் சுற்று முடிய இருபத்தைந்து நிமிடம் பாக்கி இருந்தது.

அவர் உள்ளங்கையில் ஒரு சின்ன எஃகுப் பின், இரண்டு துண்டாகக் கிடந்தது. கியர் லீவரைக் கம்பியோடு சேர்க்கிற பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

"ஏனுங்ண்ணா, இதை உடனே கடைஞ்சு தர முடியுமுங்களா? ரெண்டு கண்டெய்னர் நிறையச் சாமான் கொண்டாந்தோம். இது மட்டும் இல்லாமப் போச்சுங்க."

அங்கப்பன் டெம்போவுக்குள் லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். செட்டிபாளையத்துக் கார் பந்தயத் திடலுக்கு லேத்தோடு வந்து இறங்குகிற அணி இது ஒன்றுதான். மற்றவர்கள் உடைந்ததை எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார்கள். உக்கடத்துப் பட்டறைக்காரர் அமீர் ஹம்சாவின் அணியில் அங்கப்பன் உடைந்ததைக் கடைந்து மாட்டுவார்.

காலையில் இதே மதன்குமார்தான் டெம்போவைப் பார்த்து, "இங்க ரேஸ் நடக்குதுங்களா, பம்புசெட்டு ரிப்பேர் நடக்குதுங்களா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தார்.

மெதுவான வண்டிகளால் ஆபத்து, சின்ன அணிகளை நீக்குங்கள் என்று நடத்துபவர்களுக்குப் போன கடிதத்தில் முதல் கையெழுத்தும் அவருடையது.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. போன பந்தயத்தில் ஹம்சாவின் வண்டியை முந்தப் போய் ஒருவன் சுவரில் மோதி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அங்கப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தகுதிச் சுற்றில் முதலிடத்து நேரத்தைவிட ஐந்து விநாடிக்கு மேல் பிந்திய வண்டிக்குப் பந்தயத்தில் இடமில்லை. மூன்று முறை அப்படிப் பிந்தினால் அடுத்த ஆண்டு அந்த அணியே கிடையாது. ஹம்சாவின் அணி இரண்டு முறை பிந்தியாகிவிட்டது.

இன்றைக்கு ஹம்சாவின் மகள் யுஸ்ரா உயிரைக் கொடுத்து ஓட்டியிருந்தாள். இதுவரை ஓடியவர்களில் முதலிடத்துக்கும் அவளுக்கும் நாலரை விநாடி.

ஆனால் மதன்குமாரின் வண்டி இன்னும் ஓடவில்லை. நேற்றுப் பயிற்சியில் அது எல்லாரையும்விட இரண்டு விநாடி முன்னால் வந்தது. அது ஓடினால் நாலரை, ஆறரை ஆகிவிடும்.

டெம்போவில் இருந்த அங்கப்பன், ஹம்சா, யுஸ்ரா மூன்று பேருக்கும் இது தெரியும்.

யுஸ்ரா ஒரு கையுறையைக் கழற்றியவள் மற்றதைக் கழற்றாமல் நின்றாள். "போன மாசம் நம்ம வண்டியிலயும் இதே பின்னுதானே அத்தா உடைஞ்சுது?"

ஹம்சா உடைந்த பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேலைன்னு வந்தவங்களைத் திருப்பி அனுப்பற பழக்கம் நம்ம பட்டறையில இல்லீங்ண்ணா. செஞ்சு குடுத்துருங்க" என்றார். குரலில் சத்து இல்லை.

"புதுசாவே கடைஞ்சுபோடலாம்" என்று அங்கப்பன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

ஜெனரேட்டர் உறுமியது. முதலில் எடுத்த கம்பியை உரசிப் பார்த்து ஓரமாக வைத்தார். கீழே குனிந்து வேறு கம்பி தேடினார். கண்ணாடி முகத்தில் இருந்தும், குனியும்போது இடது கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கடைந்தார். அளந்தார். மறுபடி ஒரு நூலளவு சீவினார். மறுபடி அளந்தார்.

"போதுமுங்ண்ணா. இன்னைக்கு ஒரு நாள் தாங்குனாப் போதும்."

"அரைகுறையாக் குடுத்து, அது வளைவுல உடைஞ்சுபோட்டா, உள்ள உக்காந்திருக்கறது ஒரு பையனுங்க."

மதன்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கப்பன் பிசிறை அரத்தால் எடுத்து, எண்ணெயில் முக்கி, துணியில் துடைத்து நீட்டினார். சுற்று முடிய நாலு நிமிடம் இருந்தது.

அவர்கள் பின்னை மாட்டி வண்டியைக் கீழே இறக்குவதற்குள் சைரன் ஊதிவிட்டது.

நேற்றைய வேகத்தைப் பார்த்து மதன்குமாரின் வண்டிக்குக் கடைசி இடத்தில் கிளம்ப அனுமதி கொடுத்தார்கள். யுஸ்ராவின் நாலரை விநாடி அப்படியே நின்றது. அவள் உள்ளே.

சாயங்காலப் பந்தயத்துக்கு முன்னால் மதன்குமார் மறுபடி வந்தார். கையெல்லாம் கிரீஸ். அங்கப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னு கல்லு மாதிரி நிக்குதுங்ண்ணா. அந்த லெட்டர்ல என் கையெழுத்தை அடிச்சுப்போட்டுத்தான் வாரேன். இந்த மாதிரிக் கை இருக்கற டீமை வெளிய போகச் சொல்ல நான் யாருங்க?"

அவர் போனபின் ஹம்சாவின் கண் கலங்கியிருந்தது. "அவங்க ஓடுனா நாம ஊட்டுக்குன்னு தெரிஞ்சும் ஒழுங்காச் செஞ்சு குடுத்தீங்க பாருங்க. இன்னைக்கு நாம கடைசியா வந்தாலும் எனக்குப் போதும்."

அங்கப்பன் வண்டியின் சக்கரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அதிகாரி ஒருவர் கிளம்புகிற வண்டிகளின் தாளோடு வந்து நின்றார். கையெழுத்துப் போட வேண்டும். ஹம்சா பேனாவுக்காகத் தன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, குனிந்திருந்த அங்கப்பனின் சட்டைப் பையில் கைவிட்டார்.

பேனாவோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது.

எண்ணெய் ஊறிய காகிதம். அதற்குள் ஒரு கியர் பின், பிசிறு எடுத்து, பளபளவென்று. காகிதத்தின்மேல் அங்கப்பனின் பெரிய பெரிய எழுத்தில் போன மாதத்துத் தேதி. அதற்குக் கீழே: 'நம்ம வண்டிக்கு. ரெண்டாவது பின்.'

அங்கப்பன் நிமிரவில்லை.

அடுத்த வரிசையிலிருந்து மதன்குமார் கையசைத்தார். ஹம்சாவும் கையசைத்தார்.

பிறகு பொட்டலத்தை இருந்தபடியே மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.