காளிச்சாமி கையால் செய்தது

“நேத்து அந்தப் பிரான்சிஸை இந்த ரூமுக்குள்ள எத்தனை நேரம் தனியா உட்டே?”

காளிச்சாமி நிமிராமல் கேட்டார். காபி டம்ளரை வைக்க மேசையில் இடம் தேடிக்கொண்டிருந்த பூவாத்தாளுக்குக் கேள்வியின் சூடு புரிந்தது.

“நீங்க துடியலூர் சந்தைக்குப் போயிருந்த நேரந்தானுங்க. அரை மணி இருக்கும்.”

“போறப்ப அவன் சட்டைப் பை உப்பிக் கிடந்துச்சு. திரும்பி வர்றப்ப வாசல்ல நான் பார்த்தேன்.”

“அது நான் வெல்லம் போட்டுச் சுட்டுக் குடுத்த கச்சாயமுங்க.”

“கச்சாயம் கல்லாட்டமா துருத்தீட்டு நிக்குமா?”

“நான் சுட்டா நிக்கும்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க.”

அவர் சிரிக்கவில்லை. எதிரே மூடி கழற்றிய ஹாம் ரேடியோ செட் கிடந்தது. எட்டு மாத உழைப்பு. மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேசலாம். விட்டால் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கலாம். காலையில் ஆன் செய்ததும் கேட்பதெல்லாம் சுத்தமாகக் கேட்டது. பொத்தானை அழுத்தி ‘ஹலோ’ சொன்னபோதுதான், எத்தனை வாட் வெளியே போகிறது என்று காட்டும் பவர் மீட்டரின் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது.

அப்போதே மூடியைக் கழற்றிவிட்டார். சோதிக்கும் கம்பிகளைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், மைக்கின் பொத்தானை ரப்பர் பேண்டால் அழுத்திக் கட்டிப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்திருந்தார்.

ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு, சூலூரிலிருந்து காங்கேயம் வரை பதினான்கு பேர் இந்த அலைவரிசையில் கூடுவார்கள். பிரான்சிஸ் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, குரல் எப்படி வருகிறது என்று மார்க் கொடுப்பார். ‘ஃபைவ் நைன்’ என்றால் முதல் தரம்.

போன மாதம் அத்தனை பேர் காதிலும் விழும்படி காளிச்சாமி சொல்லியிருந்தார்: “ஒருத்தர் கைபடாம நானே செஞ்ச செட்டுல வருவேன். ஃபைவ் நைன் வாங்குவேன். இல்லீன்னா இனி மைக்கைத் தொடமாட்டேன்.” சொன்ன சொல்லை விட்டவர் என்று அவர் குடும்பத்தில் யாரும் பெயர் வாங்கியதில்லை. இன்றுதான் அந்த ஞாயிறு. எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

கம்பியை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்தது. குரலை வெளியே அனுப்பும் கடைசி டிரான்சிஸ்டரைத் தொட்டவர் விரலை உதறினார்.

“பாரு, கொதிக்குது! அசல் சாமான் இப்பிடிக் கொதிக்குமா? நல்லதைக் கழட்டிப் பையில போட்டுட்டு டூப்ளிகேட்டை மாட்டிப்போட்டான்!”

“ஆன்டெனா ஒயரைத் தென்னையில ஏறிக் கட்டிக் குடுத்தவருங்க அவரு. எதுக்குங்க அப்பிடிச் செய்யறாரு?”

“பொறாமை! ஏர்ஃபோர்ஸ்ல ரேடியோ பார்த்த ஆளு, கடையில வாங்குன செட்டுல பேசறான். நான் சொந்தமாச் செஞ்சு பேசீட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பான்?”

அவர் கத்தக் கத்த, சுவரிலிருந்த எல்.இ.டி. பல்பு கூடவே மினுக்மினுக்கென்றது. “இந்த பல்பும் பாரு. போன வாரம் வாங்குனது, அதுக்குள்ள சீக்கு வந்துபோச்சு.”

பூவாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தாள். “என்ற சால்டரிங்ல ஏதாச்சும் உட்டுப்போச்சுங்களா?”

காளிச்சாமி துள்ளி எழுந்தார். முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கதவையும் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவாப் பேசு புள்ள. பக்கத்து ஊட்டு நஞ்சம்மா காதுல உழுந்தாத் தீந்துது.”

“நான் என்னங்க சொல்லீட்டேன்?”

“எனக்குக் கை நடுங்குது. நீ மோட்டார் கம்பெனியில இருவது வருசம் காயில் சுத்துனவ. காயிலும் சுத்துனே, சால்டரும் வெச்சே. இந்த பவர் மீட்டர் ஒண்ணுதான் முழுசா நான் செஞ்சது, ஒத்துக்கறேன். அது நமக்குள்ள. பொண்டாட்டி செஞ்ச செட்டுல மீசைய முறுக்கறான்னு ஊரு சொன்னா, என்ற மானம் என்னாகறது?”

“நான் ஆருகிட்டங்க சொல்லப்போறேன்?”

“மூணாவது காதுக்குப் போகப்படாது. அவ்வளவுதான்.”

கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி தாண்டி மூன்று நிமிடம். பெயர் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். தன் பெயருக்குப் பதில் வராதபோது பிரான்சிஸ் என்ன நாடகம் ஆடுகிறார் என்பதையாவது கேட்டுவிடலாம் என்று மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த ரப்பர் பேண்டை வெடுக்கென்று உருவினார்.

ஸ்பீக்கர் உயிர் பெற்றது. யாரும் பெயர் கூப்பிடவில்லை. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அப்புறம் சூலூரிலிருந்து பிரான்சிஸின் குரல் நிதானமாக வந்தது.

“பூவாத்தாக்கா, உங்க செட்டு ஃபைவ் நைனுங்க... கச்சாயமுந்தானுங்க.”