தம்பி ஊரில் கூடாரம்

மகள் உமையாள் சைக்கிள் பயணத்துக்காக விரித்திருந்த வரைபடத்தில், சோலையப்பன் தன் தம்பியின் ஊர்மேல் விரலை ஊன்றி மறைத்துக்கொண்டார். தம்பியோடு அவர் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

“விரலை எடுங்க அப்பச்சி. ரயில்ல இருந்து சைக்கிளை இறக்கித் தர்ற ஸ்டேஷன் அது ஒண்ணுதான். ராத்திரிக்குக் கண்மாய்க்கரையில கூடாரம்.”

“சித்தப்பன் வீடு இருக்கிற ஊர்ல வெட்டவெளியில படுப்பியா? ஊரு நம்ம குடும்பத்தைக் காறித் துப்பாதா?”

“அப்ப அவுக வீட்டுக்கே போகட்டுமா?”

“என் மக அந்த வாசப்படியை மிதிக்கிறதா?”

“ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைகுனிவாகவே தெரிந்தது. முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த சோலையப்பன் கடைசியில் கேட்டார்:

“நீ போற மாசத்துல, கூடாரம் தாங்காத அளவுக்கு அங்க மழை பெய்யுமா ஆத்தா?”