பார்க்காமல் அடிக்கும் கை

“இங்க இருக்கிறது நாலே பேரு. நான், என் வீட்டுக்காரி வஹீதுன்னிசா, மகன் ஃபயாஸ், சம்பந்தி அப்துல் ரசாக். விஷயம் இந்த வாசலைத் தாண்டக் கூடாது!” என்றார் பஷீருதீன், எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

மகள் மஹ்ஜபீனின் நிக்காஹ் பத்திரிகையைத் தன் கையாலேயே டைப் அடித்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்கவே அப்துல் ரசாக் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு வந்து, எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பஷீருதீன் ‘மஹ்ஜபீன்’ என்று அடித்தார். திரையில் ‘டவறகூழ’ என்று வந்தது.

“இன்னா சம்பந்தி, யாரு இந்தப் பொண்ணு?”

“முப்பது வருஷமா கீபோர்டைப் பார்க்காம அடிக்கிற கை இது! ஃபயாஸ், நீ போட்ட லேஅவுட்டுதான் சரியில்ல.”

பழைய தட்டச்சு மெஷினின் எழுத்து வரிசையைக் கம்ப்யூட்டரின் லினக்ஸில் அமைத்து, கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவன் ஃபயாஸ்தான்.

“நேத்து அப்டேட் ஆச்சு அத்தா. அது நம்ம லேஅவுட் ஃபைலை அழிச்சிருக்கும்.”

திறந்து பார்த்தான். ஃபைல் அப்படியே இருந்தது. லாக் அவுட் செய்தான். ரீஸ்டார்ட் செய்தான். பிறகு திரையைப் பார்த்தபடி தானே அடித்தான். ‘மஹ்ஜபீன்’ என்றே வந்தது.

“எனக்குச் சரியா வருதே!”

“தள்ளு.” பஷீருதீன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அடித்தார். மறுபடியும் ‘டவறகூழ.’

“கம்ப்யூட்டருக்கு ஆள் தெரிஞ்சிகீது” என்று சிரித்தார் அப்துல் ரசாக். “புள்ளையாண்டானே அடிக்கட்டுமே.”

“அப்ப என் வாக்கு? காசு குடுக்காம வாங்கின லினக்ஸு, அதான் இப்படி மானத்தை வாங்குது!”

டீத் தட்டோடு வந்த வஹீதுன்னிசா தயங்கி நின்றார்.

“ஏங்க, சம்பந்தி வர்றாங்களேன்னு காலையில அந்தக் கீபோர்டு பட்டனையெல்லாம் கழட்டி சோப்பு போட்டுக் கழுவினேன். எது எங்க இருந்துச்சுன்னு மறந்துபோச்சு. நீங்கதான் கீழ பார்க்கறதே இல்லையேன்னு, கைக்கு வந்தபடி சொருகிட்டேன்.”

பஷீருதீன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அந்த நாலு பேர் கணக்கைச் சொன்னார்.

பஷீருதீன் கீபோர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் டைப் அடிக்கிறார் என்று பூந்தமல்லியில் ஒரு வதந்தி உலவுகிறது. அது சுத்தப் பொய். அன்றைக்குப் பிறகு அவர் டைப் அடிப்பதே இல்லை.