முந்திக்கொண்ட கை

"பாட்டை நிறுத்துங்க மேடம். இதை நீங்க முன்னாடியே கேட்டிருக்கீங்க."

அவள் பாட்டை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த சின்ன அறை. எதிர் நாற்காலியில், இன்னொரு ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ராக் குழுவின் தலைவர். கிடார் வாசிப்பதும் அவர்தான்.

திடீர்ச் சத்தம் தாங்காத காதுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கச்சேரி நடக்கப்போகிறது; அதில் அவர் குழுவும் வாசிக்கிறது. எந்தப் பாட்டு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் தூக்கிவாரிப் போடும் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்வது அவள் வேலை. ஆபத்தான இடம் வந்தால் திரையில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள்.

"எதை வச்சு சொல்றீங்க சார்?"

"உங்க கையை வச்சுதான். என் கிடார் அலறுறதுக்கு முன்னாடியே அது வால்யூமைக் குறைக்கப் போகுது. ஒரு தடவைன்னா விட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் முந்திக்கிட்டுப் போகுதே."

அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிடார்காரருக்கு அது போதும். வீட்டில் சர்க்கரை டப்பா இடம் மாறியிருந்தாலே விசாரணைக் கமிஷன் வைக்கிற ஆள் அவர்.

"இந்தப் பாட்டு எங்க ஒத்திகை ரூமைத் தாண்டினதே இன்னிக்குத்தான். உங்க காதுக்கு எப்படி வந்துச்சு?"

"ஒருத்தர் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அதேதான் இதுன்னு பாதியிலதான் எனக்கே புரிஞ்சுது. ஏற்கெனவே கேட்ட பாட்டுல எனக்குத் தூக்கிவாரிப் போடாது, அதை நான் சோதிக்கக் கூடாது. வேற ஆள்கிட்ட மாத்திடறேன்."

"மாத்துறது இருக்கட்டும். யார் அந்த ஒருத்தர்?"

"இங்க வர்றவங்க பேரை வெளியில சொல்றதில்லை."

"சொல்லவே வேணாம். எனக்கே தெரியும்."

அவர் மனதில் வந்து நின்றது டிரம்ஸ் அடிக்கிறவன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. ஒத்திகையின்போது மொபைலைத் துண்டுக்கடியில் வைத்துப் பதிவு செய்கிறான். முடிந்த கையோடு, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் நழுவிவிடுகிறான். போன் செய்தால் எடுப்பதில்லை. என்ன கேட்டாலும் மெசேஜில்தான் பதில். இது போதாதென்று, அவர் கிடாரில் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் முகம் கோணுகிறது. பொறாமை, வேறென்ன. போட்டிக் குழு ஒன்று அண்மையில் வெளியிட்ட பாட்டு தங்களுடையது மாதிரியே இருப்பதாகவும் அவருக்குத் தோன்றியிருந்தது. வேறு யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"மச்சினனாச்சேன்னு சேர்த்துக்கிட்டேன். கூடவே இருந்து குழி பறிக்கிறான். எவனுக்கு விக்கிறான் பாட்டை? நடுவுல நீங்க தரகரா?"

"சார், வார்த்தையை அளந்து பேசுங்க."

"அளந்து பேசி ஏமாந்தது போதும். இன்னியோட அவனைக் குழுவை விட்டுத் தூக்கறேன். என் பொண்டாட்டி என்னோட பேசமாட்டா. பேசாட்டி போகட்டும், காதாவது ஓய்வெடுக்கும்."

மொபைலை எடுத்துத் தட்டத் தொடங்கினார். மேஜை குறுகலானது. 'இனி நீ ஒத்திகைக்கு வரவேண்டாம்' என்ற வரி அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அந்தப் பையனுக்கு டிரம்ஸ்தான் உயிர் என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லப்போனால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். சொல்லாவிட்டால் கண்ணெதிரே ஒருவன் பிழைப்பு போகும்.

"அனுப்பாதீங்க சார். கொஞ்சம் பொறுங்க."

அவளும் தன் மொபைலை எடுத்து அவசரமாக ஏதோ எழுதி அனுப்பினாள். அவள் மொபைலைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கிடார்காரர் முகம் சிவந்தது.

"ஓகோ. நான் கூப்பிட்டா நாள் கணக்கா பதில் வராது. உங்களுக்கு மட்டும் உடனே வருதா? கதை அப்படிப் போகுதா?"

"எப்படியும் போகல. உங்ககிட்ட சொல்லலாமான்னு அனுமதி கேட்டேன். நீங்களே படிங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'சொல்லிடுங்க மேடம். இத்தனை நாள் மறைச்சேன். மாமா துரத்திட்டா டிரம்ஸை விட்டுட்டு நான் எங்க போவேன்?'

"பார்த்தீங்களா? மறைச்சேன்னு அவனே ஒத்துக்கறான்." சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதே என்று கிடார்காரரால் சந்தோஷப்பட முடியவில்லை. தூக்கி வளர்த்த பையன். "எவ்வளவுக்கு வித்தான்? அதையாவது சொல்லுங்க."

"அவர் எதையும் விக்கல சார். ஒத்திகையில பதிவு செஞ்சதைக் கொண்டுவருவார். சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பேன். ராத்திரியெல்லாம் உக்காந்து அதை மனப்பாடம் பண்ணுவார். இந்த இடத்துல வரும்னு தெரிஞ்சா பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிடலாமாம்."

"எது வரும்னு தெரிஞ்சா?"

அவள் தயங்கினாள். பிறகு, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"இங்க வர்ற சத்தம் தாங்காத காதுக்காரங்கள்ல உங்க மச்சினனும் ஒருத்தர். டிரம்ஸ் அவரே அடிக்கிறது, அதனால பிரச்சினை இல்லை. அவரால தாங்க முடியாதது உங்க கிடார்தான் சார்."