முகம் தெளிவாக இல்லை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வெயில் கதை சொல்கிறேன். தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

“மரத்தடியில நிக்காதே! வெயிலுக்கு வா!” என்று மஞ்சுநாத் கத்தினார்.

எல்லோரும் விஜி என்று கூப்பிட்ட அந்தப் பெண், நிழலை விட்டு இறங்கிக் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் வந்து நின்றாள்.

பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டோரம் இருந்த அந்த ஆபீஸ் வளாகத்தில், பெருக்கவும் செடிகளுக்குத் தண்ணீர் விடவும் ஒன்பது பெண்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் மஞ்சுநாத். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுகிறார்கள் என்று சொல்லி, ஆஜர் எடுப்பதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றியிருந்தார் காண்டிராக்டர். மஞ்சுநாத் கம்பெனி போனை முகத்துக்கு நேரே நீட்டுவார். போன் ஆளை அடையாளம் கண்டுகொண்டால் அன்றைய ஆஜர் விழும். ஒரு மணிக்கு மேல் போன் எதையும் வாங்கிக்கொள்ளாது. மூன்று நாள் விடுபட்டால் வேலையை விட்டே பெயரை எடுத்துவிடுவார்கள். விஜிக்கு நேற்றும் முந்தாநாளும் விடுபட்டிருந்தது.

மணி பன்னிரண்டு நாற்பது. மற்ற எட்டுப் பேருக்கும் மரநிழலிலேயே முடிந்துவிட்டது. இவளை மட்டும்தான் வெளியே இழுத்தார்.

“ஸ்வல்ப இந்தப் பக்கம் தள்ளு. இன்னும். ஹாங், நில்லு.”

அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டிடம் தகதகவென்று எரிந்தது. மஞ்சுநாத் போனை நீட்டினார்.

‘முகம் தெளிவாக இல்லை’ என்றது போன்.

சின்னத்தாயிக்குப் பொறுக்கவில்லை. அவள் இன்றுதான் இந்த இடத்துக்கு வந்திருந்தாள். நேற்றுவரை எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அங்கே கைரேகை வைத்தால் போதும்.

“இன்னா சார், போட்டோ புடிக்கவே தெரியாதா உங்களுக்கு? வெளிச்சத்தப் பின்னால வெச்சா மூஞ்சி அடுப்புக்கரியாட்டம்தான் தெரியும். எங்களையெல்லாம் நெழல்ல வெச்சுதானே எடுத்தீங்க? இவகிட்ட மட்டும் இன்னா பகை?”

“ஏ அம்மா, சும்னே இரு.”

“ஒரு பொண்ணு வேல போவுது, நான் சும்மா இருக்கணுமா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரளா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, உக்காரு. புளிசாதம் கொண்டாந்திருக்கேன், ஒரு வாய் சாப்புடு.”

“உங்களுக்கெல்லாம் எப்பிடிடீ எறங்குது?”

சின்னத்தாயி தன் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். விஜியின் தலைக்கு மேல் பிடித்தாள். மஞ்சுநாத் பதறிப்போய்ப் போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டார்.

“குடைய எடு! எடும்மா மொதல்ல!”

“வேணாங்க்கா,” என்று அந்தப் பெண்ணும் கெஞ்சினாள். “எனக்கு வெயிலு பழக்கந்தான். நீங்க போங்க.”

இரண்டாவது முறையும் போன் அதையே சொன்னது. மூன்றாவது முறை நீட்டுவதற்குள் திரை இருண்டுவிட்டது. சூடு அதிகம், ஆறும்வரை பொறுக்கவும் என்று ஒரு வரி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

மணி பன்னிரண்டு ஐம்பது.

அதுவரை தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் டப்பாக்களை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். மஞ்சுநாத் ஓடிவந்து போனை மரத்தடியில் வைத்தார். ஒருத்தி ஈரத்துணியைப் பிழிந்து அதன் முதுகுக்குக் கீழே விரித்தாள். சரளா ஒரு அட்டையை எடுத்து விசிறினாள். வெயிலில் நின்றவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

“நல்லாருக்கு நியாயம்! போனுக்கு நெழலு, காத்து, ஒத்தடம். ஆளு அங்க கருவாடாக் காயுது,” என்றாள் சின்னத்தாயி.

“நீ நாளைக்குப் பழைய எடத்துக்கே போயிடு, தாயி,” என்றார் மஞ்சுநாத், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“போறேன் சார். உங்கள மாதிரி கல்லுநெஞ்சுக்காரர்கிட்ட யாரு குப்ப கொட்டுவாங்க?”

ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது போனுக்கு உயிர் வந்தது. மஞ்சுநாத் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வெயிலுக்கே ஓடினார். திரை கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையைக் குவித்து மறைத்து, குனிந்து எட்டிப் பார்த்தார்.

‘முகம் தெளிவாக இல்லை.’

சின்னத்தாயி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு குடும்பத்தின் சோறு கண்ணெதிரே போய்விட்டது.

மஞ்சுநாத் திரையில் எதையோ இரண்டு தரம் தட்டினார். போனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு மரத்தடியைப் பார்த்துச் சொன்னார்: “ஆச்சு. விஜி ஆஜர்.”

பெண்கள் மூச்சு விட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதெப்பிடிடீ?” என்றாள் சின்னத்தாயி.

“மூஞ்சி தெரியலன்னு போனு மூணு வாட்டி சொன்னா, சூப்பர்வைசரே போட்டுக்கலாம்க்கா. நாளைக்கு ஏதாச்சும்னா அவர் தலைதான் உருளும்,” என்றாள் சரளா.

“அதுக்கு எதுக்கு இத்தினி பாடு? நெழல்ல நின்னிருந்தா மொத வாட்டியே ஆளைக் கண்டுபுடிச்சிருக்குமே!”

“கண்டுபுடிச்சிருக்கும்க்கா. அதுக்குத்தான் வெயிலு.”

மஞ்சுநாத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“குடிச்சிட்டுப் போய் சாப்புடும்மா வீணா. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனா உங்க அக்கா விஜிகிட்ட சொல்லு, ஆபரேஷன் தையல் பிரிச்சு அவ நடந்து வர்றவரைக்கும் பெங்களூர்ல வெயில் இருக்கும்னு.”

உங்கள் வீட்டில் யார் படுத்தாலும், அவர்கள் எழுந்து வரும்வரை அவர்கள் இடம் அவர்களுக்கே இருக்கட்டும், கண்ணுகளா.