பிரௌனியின் கழுத்துப் பட்டை

கோத்தகிரியில் உண்ணி கடித்ததிலிருந்து ஏசுதாஸுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரியில் நோய் பார்க்கும் இயந்திரமோ ஏழு முறையும், "மனப்பிரமை" என்றே சீட்டு நீட்டியது.

"மெஷினே சொல்லிடுச்சு, எந்திரிங்க. விறகு எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி ரோசலின்.

வெறுத்துப்போனவர், நாய் பிரௌனியின் நோய் கண்டு சொல்லும் கழுத்துப் பட்டையை எடுத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டார். "லைம் நோய். உண்ணிக்கடி" என்றது பட்டை, நொடியில். அதுவே வரவழைத்த எலும்பு வடிவ நாய் மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. ஒரே மாதத்தில் மனிதர் படியேறி ஓடினார்.

"இப்பவாவது நம்புறியாடி?"

"நம்புறேங்க. பாவம், எவ்வளவு வலிச்சிருக்கும்! சரி, அந்த விறகு..."

"முதுகு பிடிச்சிருக்கு, ரோசு."

"வலி எதுவும் இல்லை. சோம்பல்" என்றது இன்னும் அவர் கழுத்திலிருந்த பட்டை.

ஏசுதாஸ் அதை அப்போதே கழற்றி பிரௌனிக்குக் கட்டிவிட்டார்.