மிளகாய்க் களத்தில் சிவப்பழகு

பரமக்குடிக்குத் தெற்கே, களத்தோரக் கருவேல மரத்தின் நிழல் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத்தான் விழுகிறது. அதற்கு அப்பால் உச்சி வெயிலில் குண்டு மிளகாய் காய்ந்து கிடக்கிறது. காம்பு கிள்ளிய கையை இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் ஜெயப்பிரியா முகத்துக்குக் கிரீம் தடவினாள். தண்ணீருக்குப் போகிற காரமா அது? கன்னம் இரண்டும் தீயாய் எரிய, கண்ணை இறுக மூடிக்கொண்டு சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கிடக்கும் செல்போனில் வெளுத்த பெண் ஒருத்தி "ஏழே நாளில் சிவப்பழகு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் அண்ணன் மனைவி முருகலட்சுமி, கஞ்சிக்குக் கொண்டுவந்த மோரைத் தூக்குவாளியோடு சாய்த்து அவள் முகத்தில் ஊற்றுகிறாள். முருகலட்சுமியின் விரலிலும் மிளகாய்தான். அதனால் விரல் படாமல், முழங்கையின் உள்பக்கத்தால், தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல மோரைப் பரப்பிவிடுகிறாள். பிறகு குனிந்து ஊதுகிறாள். தாடையில் வழிந்த மோர் சாக்கில் சொட்டுகிறது.

"மதினி, செவந்துட்டேனா?" அழுகைக்கு நடுவில் ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

"செவந்துட்ட. களத்துல கெடக்குற மொளகா ஒன்கிட்டத் தோத்துப்போச்சு." முருகலட்சுமி சிரிக்கவில்லை. மறுபடியும் குனிகிறாள். "பேசாம இரு. ஒன் கருப்பு திரும்பி வாரவரைக்கும் நான் ஊதணும்."